நாற்பது வெள்ளிக்கு ஒரு பருவம்: எங்கள் ஊர்க் காற்பந்துக் குழுவின் பருவ அட்டை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து உட்புறமாகப் பிரியும் சாலையில், இரு பக்கமும் செம்பனை சூழ்ந்திருக்கும் எங்கள் சிற்றூரின் காற்பந்துக் குழு, சென்ற பருவத்தில் முதன்முறையாகப் பருவ அட்டை ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 40 வெள்ளி, அதாவது 40 ரிங்கிட். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் டயர் கடையின் கல்லாவில் கேட்டால், கடைக்காரர் இழுப்பறையிலிருந்து மஞ்சள் அட்டை ஒன்றை எடுத்து, நம் பெயரை நீல மையால் எழுதி, பிளாஸ்டிக் உறைக்குள் இட்டுத் தருவார். சொந்தத் திடலில் நடக்கும் ஒன்பது ஆட்டங்களுக்கும் அந்த அட்டை செல்லும். ஓர் ஆட்டத்துக்குத் தனியாகச் சீட்டு வாங்கினால் 5 வெள்ளி, ஒன்பதுக்கு 45 வெள்ளி. ஆகவே அட்டை வாங்குபவருக்கு 5 வெள்ளி மிச்சம். நான் செம்பனை ஆலை ஒன்றின் அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணி. ஐந்து வெள்ளி மிச்சம் என்று கண்ணில் பட்ட பிறகு வாங்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

அந்த மிச்சமும் கைக்கு வரவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சனிக்கிழமை மதியம் பெய்த மழையில் திடல் குளமாகி, அன்றைய ஆட்டம் தள்ளிப்போய், கடைசியில் எதிரணியின் ஊரிலேயே நடந்து முடிந்தது. எட்டு ஆட்டங்கள், ஆட்டத்துக்கு ஐந்து, மொத்தம் நாற்பது. விடுபட்ட ஆட்டத்துக்கு ஏதேனும் ஈடு உண்டா என்று டயர் கடையில் விசாரித்தேன். "தண்ணி வடியட்டும் அண்ணே, பாப்போம்" என்றார்கள். தண்ணீர் வடிந்து பல மாதங்கள் ஆகின்றன.

அட்டை வாங்கியதற்குக் கணக்கைத் தவிர வேறொரு காரணமும் இருந்தது. இந்த வட்டாரத்தில் வளர்ந்த பலரையும் போல நானும் பேராக் குழுவின் ரசிகன். 1998, 2000 ஆகிய ஆண்டுகளில் வென்ற மலேசியக் கிண்ணமும், 2002, 2003 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்து வென்ற லீக் பட்டமும் எங்கள் தலைமுறையின் இளமைக்காலச் சொத்து. 2018 அக்டோபரில் ஷா ஆலாம் அரங்கில் திரங்கானுவுடன் 3-3 என்று சமநிலை கண்டு, பெனால்டியில் 4-1 என்று வென்று கிண்ணத்தைத் தூக்கிய இரவில், எங்கள் ஊர்ச் சாலையில் மோட்டார்கள் நள்ளிரவு தாண்டியும் ஹார்ன் அடித்துக்கொண்டு சுற்றின. மூன்றே ஆண்டுகளில், 2021இல், அதே குழு நாட்டின் முதல்நிலைப் போட்டியான சூப்பர் லீகிலிருந்து கீழிறங்கியது. பிறகு மேலே வந்தது. 2025-26 பருவத்தில் லீகிலேயே இல்லாமல் போயிற்று. முப்பது கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு ஈப்போவுக்குப் போய் வந்த சனிக்கிழமைகள் எனக்கு வெறுமையாகிவிட்டன. நள்ளிரவுக்குப் பிறகு மமாக் எனப்படும் இந்திய முஸ்லிம் உணவுக் கடையின் திரையில் இங்கிலாந்துக் குழுக்களைப் பார்த்துவிட்டு மறுநாள் கண் எரிச்சலோடு உட்கார்ந்திருப்பதற்கு வயதும் இடம் தரவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில்தான் அந்த மஞ்சள் அட்டை எதிரே வந்தது.

இனி, நாற்பது வெள்ளிக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்கலாம்.

திடல் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தது. ஒரு புறம் மாரியம்மன் கோயிலின் மதிற்சுவர். மறுபுறம், தோட்டத் தொழிலாளர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட, இப்போது தரை மட்டுமே எஞ்சியிருக்கும் பழைய ஆயாக் கொட்டகை. கிழக்கு மூலை நன்றாகவே தாழ்ந்திருப்பதால், அந்தப் பக்கம் உதைக்கப்படும் பந்து பாதிக்குப் பாதி கால்வாயில்தான் போய் விழும். செம்பனைக் குலை வெட்டுவதற்குப் பயன்படும் நீண்ட அலுமினியக் கழியின் முனையில் வலையைக் கட்டி வைத்துக்கொண்டு ஒரு பையன் அங்கேயே நிற்பான். பந்தை அவன் அள்ளியெடுத்துத் திடலுக்குள் வீசும் வேகம், எங்கள் நடுவரிசை ஆட்டக்காரர்கள் பந்தைக் கடத்தும் வேகத்தைவிட அதிகம். பார்வையாளர்களுக்கு எட்டுச் சிமென்டுப் படிகளும் அவற்றுக்கு மேலே ஒரு தகரக் கூரையும் உண்டு. வலப்பக்கக் கூரை ஒழுகும். படிகளில் பிற்பகல் வெயிலின் சூடு ஆறு மணி வரை தங்கியிருக்கும் என்பதால், செய்தித்தாளை நான்காக மடித்து விரித்துக்கொண்டுதான் எல்லாரும் அமர்கிறார்கள். விளக்குக் கம்பங்கள் இல்லாததால் ஆட்டம் மாலை ஐந்துக்குத் தொடங்கி, வெளிச்சம் மங்குவதற்குள் முடிந்தாக வேண்டும். காயத்துக்காக நடுவர் கூடுதல் நேரம் கொடுத்தால் சுவரோர விளக்கை ஏற்றச் சொல்லிக் கோயில் குருக்களுக்கு ஆள் அனுப்புவதை இருமுறை பார்த்தேன். கழிவறையைப் பற்றி எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். வீட்டிலேயே போய்விட்டு வருவது நல்லது.

உணவைப் பற்றி மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாயிலுக்கு அருகே, முன்பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி பொருத்திய மோட்டாரில் ஒருவர் கச்சாங் பூத்தே விற்கிறார். ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே கம்பம் என்றே பெயர் பெற்ற பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் அந்தத் தொழிலில், இவருடைய சரக்கும் அங்கிருந்துதான் வருகிறது. பட்டாணி, வறுகடலை, முறுக்குத் துண்டு, ஓமப்பொடி ஆகியவற்றில் நாம் கேட்பதைக் கேட்ட அளவில் கலந்து, பழைய பள்ளிப் பயிற்சித் தாளைக் கூம்பாகச் சுருட்டிக் கொட்டித் தருவார். கூம்பு 2 வெள்ளி. ஒருமுறை என் கூம்பில், மூன்றாம் வகுப்புக் கணிதத் தாள் ஒன்றில் பத்துக்கு மூன்று என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. அன்றைய ஆட்டத்துக்கும் நான் அவ்வளவுதான் கொடுத்திருப்பேன். அவருக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள் மசால் வடை போடுகிறார். எண்ணெய் காய்ந்த பிறகே மாவைக் கிள்ளிப் போடும் ஒழுக்கம் உள்ளவர் அவர். இடைவேளைக்குப் பத்து நிமிடம் முன்பே எழுந்து போகாவிட்டால் வடை கிடைக்காது. எழுந்து போனால் அந்தப் பத்து நிமிடத்தில் விழும் கோல்களைப் பார்க்க முடியாது. பெரும்பாலும் அவை நம் பக்கத்து வலையில்தான் விழும் என்பதால், வடையைத் தேர்ந்தெடுத்ததற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை.

ஜெர்சி தனி விலை, 35 வெள்ளி. பழுத்த செம்பனைக் குலையின் நிறத்தில் பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கிறது. முதல் சலவையில் அந்த நிறம் என் கோயில் வேட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் சலவையில் முதுகில் இருந்த எண் கழன்று வாளியில் மிதந்தது. வாங்க வேண்டாம் என்று சொல்வேன். நான் இரண்டு வைத்திருக்கிறேன்.

தகவல் சேவை என்று ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்கள். அட்டைதாரர்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குழுமம் உண்டு. அதில் காலை வணக்கப் பூக்களும், விற்பனைக்கு வந்த பழைய மோட்டார்களின் படங்களும், யாரோ ஒருவருடைய மருமகனின் காப்புறுதி விளம்பரமும் தவறாமல் வரும். ஆட்டம் ஐந்து மணியிலிருந்து நாலரைக்கு மாற்றப்பட்ட செய்தி நாலு இருபதுக்கு வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது எங்கள் குழு இரண்டு கோல் பின்தங்கியிருந்தது. பணம் வாங்கிக்கொண்டு நடத்தப்படும் சேவையில் இதைப் பொறுத்துக்கொள்ளவே கூடாது.

குழுவின் ஆட்டத்துக்கு வருகிறேன். பத்துக் குழுக்கள் ஆடிய போட்டியில் பதினெட்டு ஆட்டங்கள். பன்னிரண்டு தோல்வி, நான்கு சமநிலை, இரண்டு வெற்றி, பத்துப் புள்ளிகள், ஒன்பதாம் இடம். அந்த இரண்டு வெற்றிகளில் ஒன்று, எதிரணியின் பேருந்து வழியில் பழுதாகி நின்றுவிட்டதால் 3-0 என்று எழுத்தில் வழங்கப்பட்டது. மற்றது 1-0, அந்த ஒரு கோலையும் எதிரணித் தற்காப்பு ஆட்டக்காரர் தம் சொந்த வலைக்குள் தலையால் முட்டிப் போட்டார். யாருடைய பெயரைச் சொல்லிக் கத்துவது என்று தெரியாமல் படிகளில் இருந்த நூற்றுச் சொச்சம் பேரும் ஒரு கணம் விழித்துவிட்டு, பிறகு அந்த எதிரணிக்காரரின் எண்ணையே சொல்லிக் கத்தினோம். பாவம், அவர் முகத்தைச் சட்டையால் மூடிக்கொண்டார்.

என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு 555 புத்தகம் இருக்கும். மளிகைக் கடைகளில் கடன் எழுதப் பயன்பட்ட அதே சின்னப் புத்தகந்தான். அட்டை வாங்கிய செலவைச் சரிபார்ப்பதற்காக ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு வரி அதில் எழுதிவந்தேன். இந்த மதிப்புரையை எழுத உட்கார்ந்தபோது அதைப் புரட்டினேன். முதல் வரி: "அவர்கள் 0-4. கோல்காவலர் தூங்குகிறார்." இரண்டாவது: "அவர்கள் 1-3. வடை நன்று." மூன்றாவதும் "அவர்கள்"தான். ஐந்தாவது வரியில் என் கையெழுத்திலேயே இப்படி இருக்கிறது: "நாங்கள் 1-3. ரெஃப்ரி காயு." காயு என்றால் மலாயில் மரக்கட்டை. இந்த நாட்டில் எந்தத் திடலுக்குப் போனாலும், எந்த மொழி பேசுபவரானாலும், நடுவரைத் திட்டுவதற்கு அந்த ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். "அவர்கள்" எப்போது "நாங்கள்" ஆனார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். நான்காவது வரியில் வெறும் எண் மட்டும் இருக்கிறது. எழுவாய் இல்லை.

அந்த நான்காவது ஆட்டத்துக்கும் ஐந்தாவது ஆட்டத்துக்கும் இடையில் நடந்தது இதுதான். மாதக் கடைசியில் மிகைநேரக் கணக்கைச் சரிபார்த்தபோது, கொதிகலன் பிரிவில் வேலை செய்யும் ஓர் இளைஞரின் வருகை அட்டை என் மேசைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை இரவு ஷிஃப்டு, சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வெளியேற்றம். நான்கு வாரமும் அப்படியே. ஒட்டியிருந்த படத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. கையுறையின் விரல்களைக் கறுப்பு டேப்பால் சுற்றிக்கொண்டு கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்பவர். முதல் வரியில் நான் வசையாக எழுதியது சொல்லுக்குச் சொல் உண்மையாக இருந்திருக்கிறது.

மதிப்புரை எழுதுபவன் தன் சார்பை மறைக்கக் கூடாது என்பதால் சொல்கிறேன்: அடுத்த மாத அட்டவணையில் அவருடைய வெள்ளி இரவைச் செவ்வாய்க்கு மாற்றிவிடும்படி சூப்பர்வைசரிடம் கேட்டது நான்தான். கணக்கு எழுதுபவன் ஷிஃப்டு அட்டவணைக்குள் தலையிடுவது முறையன்று. பதினாறு ஆண்டு வேலையில் அதற்கு முன் நான் அப்படிச் செய்ததில்லை. நன்றாகத் தூங்கியெழுந்து வந்த அந்தச் சனிக்கிழமை எங்கள் கோல்காவலர் ஐந்து கோல் விட்டார். தூக்கத்தின்மீது பழி போட இனி வழியில்லை.

இடப்பக்கம் மூன்றாம் படியில் எனக்கு அடுத்து அமரும் தாத்தாவுக்குக் கோல்காவலர்கள் யாரையும் பிடிக்காது. அவருக்கு ஆறுமுகம் ஒருவர்தான் கோல்காவலர். ஸ்பைடர்மேன் என்று நாடே கொண்டாடிய ஆர். ஆறுமுகம் காவல் நிற்க, 1980இல் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றதும், பிறகு புறக்கணிப்பில் சேர்ந்து போகாமலே இருந்துவிட்டதும் தாத்தாவுக்கு நேற்று நடந்தவை. ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் இறந்துபோன செய்தியைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்ந்துவிடும். தாத்தா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். இருட்டோடு, பெரட்டு எனப்படும் ஆள் கணக்கெடுப்புக்குப் போய், நண்பகலுக்குள் பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாலையில் இதே திடலில் வெறுங்காலோடு ஆடியவர். அப்போது சுற்றுவட்டாரத் தோட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு இருந்ததாம். ரப்பர் அழிந்து செம்பனை வந்து, தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள் காலியாகி, குடும்பங்கள் ஊருக்குள்ளும் பட்டணத்துக்கும் பெயர்ந்தபோது அந்தக் குழுக்களும் ஒவ்வொன்றாகக் கலைந்தன. இன்று ஆடுபவர்களில் பலர் அந்தக் காலத்தில் ஒருவரையொருவர் உதைத்துக்கொண்ட தோட்டக் குழுக்காரர்களின் பேரன்கள். "இவன் தாத்தா என் முட்டிய பேத்தவன் தம்பி" என்று எட்டாம் எண் ஆட்டக்காரரைக் காட்டிப் பெருமையோடு சொன்னார்.

நம்மவர்களின் குழு பெரிய அளவில் எழுந்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் வழியாக வந்த குழு, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் 2019 முதல் சூப்பர் லீகிலேயே ஆடியது. 2022 பருவத்தோடு விலகிக்கொண்டது. அதைப் பற்றிப் பேச்செடுத்தபோது, "பெருசா ஆனாத்தான் மூடுவாங்க. நாம சின்னது" என்றார் தாத்தா. அவர் "நாம" என்றது என் காதில் தங்கிவிட்டது. புத்தகத்தில் நான் எழுதிய "நாங்கள்" கேட்பவரை வெளியே நிறுத்தும் சொல். அவருடைய "நாம்" என்னையும் உள்ளே இழுத்து உட்காரவைத்துவிட்டது. எந்த ஆட்சேபமும் தெரிவிக்காமல் நான் தலையாட்டினேன்.

பதினைந்தாவது ஆட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும். மழை விட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. 1-2 என்று பின்தங்கியிருந்தோம். ஆட்டம் முடிய நான்கைந்து நிமிடம் இருக்கையில், பெட்டிக்கு வெளியே தாழ்ந்த மூலைப் பக்கமாக ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. எட்டாம் எண் ஆட்டக்காரர் பந்தை வைத்தார், அது உருண்டது, மறுபடி வைத்தார், உருண்டது. மூன்றாம் முறை குதிகாலால் சேற்றில் குழி பறித்து, அதில் பந்தை உட்காரவைத்தார். குலை ஏற்றும் லோரியில் வேலை செய்பவர் அவர். இடது முட்டியில் சுற்றியிருந்த வெள்ளைக் கட்டு சேற்றின் நிறத்துக்கு மாறியிருந்தது. உதைத்த பந்து எதிரணியின் சுவரில் பட்டு அவரிடமே திரும்பி வந்தது. யோசிக்க நேரமில்லாத அந்தப் பந்தை, கட்டுப் போட்ட காலாலேயே மறுபடி உதைத்தார். நல்ல உதை என்று சொல்ல மாட்டேன். இரண்டு முறை சேற்றில் தத்தி, வேகம் குறைந்து, எதிரணிக் கோல்காவலரின் கால்களுக்கு நடுவே புகுந்து, கோட்டைத் தாண்டி ஒரு முழம் போய் நின்றுவிட்டது. வலையைத் தொடவேயில்லை. கோல்தானா என்று எல்லாரும் நடுவரைப் பார்த்தோம். அந்த மரக்கட்டை, வாழ்க அவர், கையை நடுக்கோட்டை நோக்கி நீட்டினார்.

நான் கையில் வைத்திருந்த கூம்பு நசுங்கிவிட்டது. அதிலிருந்த பட்டாணியில் பாதி தாத்தாவின் சட்டைப்பைக்குள் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டேன். அவர் காதில் வாங்கிக்கொள்ளாமல், திடலிலிருந்து கண்ணை எடுக்காமல், பைக்குள் விரலை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து ஆட்டம் முடியும் வரை மென்றுகொண்டிருந்தார். அன்றைக்குப் புத்தகத்தில் எழுதியிருப்பது: "நாம் 2-2." வடை பற்றிய குறிப்பு இல்லை, வாங்கப் போனேனா என்பதும் நினைவில்லை.

அதற்குப் பிறகான மூன்று ஆட்டங்களிலும் தோற்றோம். அவற்றுள் ஒன்று வெளியூரில் 0-6. அட்டை செல்லாத வெளியூர் ஆட்டத்துக்கு நான் ஏன் தைப்பிங் தாண்டிப் போனேன் என்று வீட்டில் கேட்டபோது, பெட்ரோல் செலவையும் டோல் செலவையும் சொல்லாமல் மழுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. திங்களன்று அலுவலகத்தில், மான்செஸ்டர் யுனைடெட் தோற்றதற்காகப் புலம்பிக்கொண்டிருந்த சக ஊழியரைப் பார்த்தபோது, வேறு ஏதோ கண்டத்தில் நடக்கும் விஷயத்துக்கு இவர் ஏன் இப்படி வாடுகிறார் என்று எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை. சென்ற ஆண்டு வரை நானும் அவரோடு சேர்ந்து புலம்பியவன்தான்.

ஆகவே இந்த அட்டையை ஒரு பொருளாக மதிப்பிடச் சொன்னால் ஐந்துக்கு ஒன்றரைதான் கொடுக்க முடியும். அந்த அரையும் கச்சாங் பூத்தேக்காரருக்குரியது. வேலை முடிந்து வந்து நிம்மதியாக இரண்டு மணி நேரம் கழிக்க விரும்புபவர்கள் இதை வாங்கக் கூடாது. நிம்மதி இதில் இல்லை. இரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுபவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். குழந்தைகளோடு வருபவர்கள், படிகளிலிருந்து எழும் சொற்களைப் பற்றி முன்கூட்டியே ஒரு விளக்கம் தயாரித்துக்கொண்டு வருவது நலம்.

அடுத்த பருவத்துக்கு அட்டை 50 வெள்ளியாகிறது. ஆட்டங்களின் எண்ணிக்கை அதே ஒன்பது. கணக்குப்படி இனி தனிச்சீட்டு வாங்குவதுதான் இலாபம். டயர் கடையில் இப்போதே பெயர் கொடுக்கலாம். குடை கொண்டுவாருங்கள். வலப்பக்கம் ஒழுகும் என்று சொன்னேன் அல்லவா, இடப்பக்கமாக அமருங்கள். மூன்றாம் படியில் தூணுக்கு அருகில் தாத்தா இருப்பார். அவரை ஒட்டிய இடம் மட்டும் என்னுடையது.